ரேடியேஷனுக்கு மாத்திரை: எது எதுக்கு, எப்போ, எவ்வளவு

குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சி பக்கம் கடற்கரை மண்ணுல மோனசைட்னு ஒரு கனிமம் உண்டு, அதுல கதிர் வீசுற தோரியம், கிழக்க கொஞ்சம் போனா கூடங்குளம், அதனால நம்ம ஜில்லாவுல ரேடியேஷன்னாலே பயம்தான், அயோடின் மாத்திரை வாங்கி வச்சிட்டா எல்லாத்துக்கும் ஆச்சுன்னு நெறைய பேர் நினைக்காங்க, அப்படி கிடையாது.

முதல்ல எந்த கதிர்னு பாருங்க. மொபைல் டவர், வைஃபை அலைக்கு டிஎன்ஏவ உடைக்குற அளவு சக்தி இல்ல, அதுக்குன்னு விக்குற மாத்திரைக்கு காசு குடுக்காதீங்க. எக்ஸ்ரே, காமா வேற, அது செல்லுல உள்ள தண்ணிய உடைச்சு பக்கத்துல உள்ளத தாக்குற ஹைட்ராக்சில் ரேடிக்கல்ங்கற துகள உண்டாக்கும், பெரும்பாலும் அதுதான் டிஎன்ஏவ கெடுக்கும்.

அயோடின் மாத்திரை, அதாவது பொட்டாசியம் அயோடைடு, காமாவ தடுக்காது, தோரியத்துக்கும் ஒண்ணும் செய்யாது. அணு உலை விபத்துல வர்ற, கதிர் வீசுற அயோடின் 131 தைராய்டுல ஏறாம இருக்க, முன்கூட்டியே நல்ல அயோடின வச்சு தைராய்ட நிரப்புறதுக்காக்கும் அது. அரசாங்கம் சொன்னா மட்டும் எடுக்கணும், கதிர் படுறதுக்கு கொஞ்சம் முந்தி, இல்லன்னா பட்டு 4 மணி நேரத்துக்குள்ள, ஒரு டோஸ் ஏறக்குறைய ஒரு நாள் தாங்கும். பெரியவங்களுக்கு 130 மில்லிகிராம், 3 முதல் 18 வயசுக்கு 65, ஒரு மாசத்துல இருந்து 3 வயசு வரை 32, அதுக்கும் சின்ன குழந்தைக்கு 16. பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிக்கும்தான் முதல்ல குடுக்கணும், 40 வயசு தாண்டினவங்களுக்கு பெரும்பாலும் தேவைப்படாது. தைராய்டு பிரச்சனை உள்ளவங்க டாக்டர்ட்ட இப்பவே கேட்டு வச்சிக்கிடுங்க. காயத்துக்கு போடுற டிங்சர குடிச்சிராதீங்க, அது விஷம்.

முழுங்க தெரியாத பிள்ளைக்கு, 130 மாத்திரைய நல்லா பொடிச்சு 4 டீஸ்பூன் தண்ணில கலக்குங்க, உப்புக்கரிப்பு தெரியாம இருக்க 4 டீஸ்பூன் ஆரஞ்சு ஜூஸோ பாலோ ஊத்துங்க, இப்ப ஒரு டீஸ்பூன்ல 16 மில்லிகிராம் இருக்கும், ஒரு மாசம் ஆகாத பச்சக்குழந்தைக்கு ஒண்ணு, 3 வயசுக்குள்ள ரெண்டு, அதுக்கு மேல நாலு. பச்சக்குழந்தைக்கு குடுத்தா பிறகு தைராய்டு டெஸ்ட் கண்டிப்பா எடுக்கணும்.

செல்லையே காக்குற மருந்து அமிஃபோஸ்டின், பனிப்போர் காலத்துல அமெரிக்க ராணுவம் கண்டுபிடிச்சது. நல்ல செல்லுல ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் கூடுதல், அந்த என்சைம் பட்டாத்தான் மருந்து வேலைசெய்யுற ரூபத்துக்கு மாறி ரேடிக்கல பிடிக்கும், கேன்சர் கட்டியில அது கம்மி, அதனால கட்டிக்கு இந்த காவல் அவ்வளவா கிடைக்காது. வாய், தொண்டை கேன்சருக்கு ரேடியேஷன் வைக்கும்போது எச்சி வத்திப்போறத குறைக்க, 15லேருந்து 30 நிமிஷம் முன்னாடி நரம்புல ஏத்துவாங்க, படுக்க வச்சு பிரஷர் பாத்துக்கிட்டேதான், ஏன்னா பிரஷர் சட்டுனு இறங்கும், வாந்தியும் வரும். பிரஷர் மாத்திரை எடுக்கவங்க முந்தின நாளே டாக்டர்ட்ட சொல்லிருங்க, 24 மணி நேரம் நிறுத்த சொல்லுவாங்க, நீங்களா நிறுத்தாதீங்க.