சிவப்புக் காலுறை ஏன் கறுப்பாகத் தெரிகிறது? பழைய பேஸ்பால் சீருடைகளைத் தேடுவோர் சறுக்கும் இடங்கள்

பழைய பேஸ்பால் அணிகளின் சீருடைகளைத் தேடிப்பிடித்து வண்ணத்தில் வரைந்து பார்ப்பது என்னுடைய ஞாயிற்றுக்கிழமைப் பைத்தியம். முதலில் வரைந்தது சின்சினாட்டி ரெட் ஸ்டாக்கிங்ஸ் அணியை. ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் கொடுக்கிறோம் என்று வெளிப்படையாகச் சொல்லிக்கொண்ட முதல் அணி அதுதான். 1869இல் ஊர் ஊராகப் போய் ஆடி, ஒரு ஆட்டத்தில்கூடத் தோற்காமல் திரும்பியது. அந்த அணியின் குழுப்படத்தைத் திரையில் பெரிதாக்கி வைத்துக்கொண்டு, கண்ணுக்குத் தெரிந்தபடியே காலுறைக்குக் கறுப்பு அடித்தேன். அணியின் பெயரே சிவப்புக் காலுறை! நண்பர் ஒருவர் எடுத்துச் சொன்ன பிறகுதான் உறைத்தது.

அசட்டுத்தனம்தான். ஆனால் பெயரில் நிறம் இல்லாத அணியாக இருந்திருந்தால் அந்தக் கறுப்பு அப்படியே நின்றிருக்கும், யாரும் கேட்டிருக்கவும் மாட்டார்கள். அதனால் முதல் தவறு இது: கறுப்பு வெள்ளைப் படத்தைப் பார்த்து நிறத்தை ஊகிப்பது.

1860, 70களின் ஈரத்தகட்டுப் புகைப்படத்துக்கு (மருந்து பூசிய தகட்டை ஈரம் காயும் முன்பே படமெடுக்கும் முறை) நீல ஒளி மட்டும்தான் நன்றாகத் தெரியும். சிவப்பு அதற்கு இருட்டு. ஆகவே சிவப்புத் துணி கிட்டத்தட்டக் கறுப்பாக விழும், வெளிர்நீலம் வெள்ளையாக வெளுத்துப்போகும், மஞ்சள் நாம் எதிர்பார்ப்பதைவிடக் கருத்திருக்கும். 1873இல் ஹெர்மன் வில்ஹெல்ம் ஃபோகல் என்ற ஜெர்மானியர் சாயம் சேர்த்துப் பச்சை, மஞ்சள் ஒளியையும் பதிய வைக்க வழி கண்டார். ஆனாலும் சிவப்புக் குருடு உடனே தீரவில்லை. எல்லா நிறங்களுக்கும் ஒத்துவரும் தகடுகள் 1906இல்தான் கடைக்கு வந்தன. அவற்றுக்கு மாறுவதற்கும் ஸ்டூடியோக்காரர்கள் அவசரப்படவில்லை. நம் வீட்டுப் பழைய ஆல்பங்களில் பாட்டியின் குங்குமப் பொட்டு மை வைத்தாற்போல் இருக்குமே, அதற்கும் பெரும்பாலும் இதே காரணம்தான்.

ஆக, படத்தில் 'அடர்ந்த' காலுறை என்றால் அது சிவப்பாக இருக்கலாம், கறுப்பு, பழுப்பு, அடர்பச்சை எதுவாகவும் இருக்கலாம். 1882ஆம் ஆண்டையே எடுத்துக்கொள்வோம். அமெரிக்கத் தொழில்முறை அணிகளின் போட்டியமைப்பான நேஷனல் லீகில் அந்த வருடம் எந்த அணிக்கு எந்த நிறக் காலுறை என்று விதியே இருந்தது. பாஸ்டனுக்குச் சிவப்பு, உஸ்டருக்குப் பழுப்பு, டிராய்க்குப் பச்சை. சிகாகோவுக்கு வெள்ளை, பிராவிடன்ஸுக்கு வெளிர்நீலம். முதல் மூன்றும் அந்தக் காலப் படத்தில் ஒன்றுபோலவே இருட்டாக இருக்கும். கடைசி இரண்டும் வெளுப்பு. எட்டு அணி லீகில் ஐந்து அணிகளைப் படத்தின் நிறத்தை வைத்துப் பிரிக்க முடியாது.

அப்படியானால் படம் எதற்கு? வடிவத்துக்கு. கழுத்துப்பட்டி எப்படி, முன்பக்கம் பித்தானா கயிறா, தீயணைப்பு வீரர்களின் சட்டையைப்போல மார்பில் பொருத்திய கேடயத் துணி இருக்கிறதா, அதில் என்ன எழுத்து, தொப்பி வட்டமா, டப்பா போலத் தட்டையா, கால்சட்டை முழங்காலோடு நிற்கிறதா என்பதற்கெல்லாம் படத்தை விட்டால் வேறு நல்ல சாட்சி கிடையாது. நிறத்துக்குச் சாட்சி அன்றைய எழுத்து. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளாமல் இருந்தாலே பாதிக் கிணறு தாண்டியாகிவிட்டது.

இப்போது இன்னொரு தொல்லை சேர்ந்திருக்கிறது. ஒரு பொத்தானை அழுத்தினால் பழைய படத்துக்கு வண்ணம் பூசித் தரும் செயலிகள். அவை சாம்பலைப் பார்த்து நிறத்தை ஊகிக்கின்றன, அதாவது நான் அன்று செய்த அதே தவறை ஒரு நொடியில், இன்னும் அழகாகச் செய்கின்றன. அந்தப் படங்கள் எங்கும் பரவி, மூலப்படம் எது என்றே தெரியாமல் போகிறது. கண்ணில் பட்டால் ரசிக்கலாம், ஆதாரக் கோப்பில் மட்டும் வைக்காதீர்கள்.

சிகரெட் பாக்கெட்டோடு வந்த அட்டைகளுக்கும் இதுவே பொருந்தும். 1909 முதல் 1911 வரை வந்த டி206 வரிசையில் ஆட்டக்காரர்கள் நல்ல வண்ணத்தில் இருப்பார்கள். அவை வண்ணப் புகைப்படங்கள் அல்ல. கறுப்பு வெள்ளைப் படத்தின் மேல் அச்சகத்து ஓவியர்கள் போட்ட நிறம். ஆட்டக்காரர் அணி மாறினால் புதுப்படம் எடுக்காமல், பழைய படத்திலேயே சட்டை எழுத்தை மாற்றியும் அச்சடித்தார்கள். பில் டாலனுக்கு பாஸ்டன் அட்டை ஒன்று, புரூக்ளின் அட்டை ஒன்று உண்டு. ஆள் அதே ஆள், முகம் அதே முகம், சட்டை மட்டும் வேறு. ஓவியர் மாற்றிய சட்டையை வைத்து "புரூக்ளின் சீருடை இப்படித்தான் இருந்தது" என்று எழுதிவிட்டால் கதை கந்தல். அதற்கு முந்தைய ஓல்ட் ஜட்ஜ் என்ற சிகரெட்டின் அட்டைகள், 1887 முதல் 1890 வரையானவை, அசல் புகைப்படங்கள். நூலில் பந்தைத் தொங்கவிட்டு, வரைந்த திரைச்சீலைக்கு முன்னால் கேட்ச் பிடிப்பதுபோல் நிற்க வைத்து ஸ்டூடியோவில் எடுத்தவை. சில அட்டைகளில் அந்த நூல்கூடத் தெரியும்! வடிவத்துக்கு இவற்றை நம்பலாம்.

தகட்டுப் படங்களில் இடம் வலமாக மாறும் என்பதையும் நிறையப் பேர் மறந்துவிடுகிறார்கள். மெல்லிய இரும்புத் தகட்டில் எடுத்த டின்டைப் படம் கண்ணாடிப் பிம்பம் போன்றது. பில்லி த கிட் என்ற துப்பாக்கிக்காரனை இத்தனை காலம் இடக்கையன் என்று நம்பியதற்குக் காரணம் இப்படி ஒரு தகட்டுப் படம்தான். மார்பில் எழுத்து இருந்தால் அது இடம் வலமாகத் திரும்பித் தெரிந்து தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். எழுத்தே இல்லாத படத்தில்தான் ஏமாறுவோம். பித்தான் வரிசையைப் பாருங்கள். ஆண்கள் சட்டையில் இடப்பக்கத் துணி மேலே வரும். படத்தில் மாறியிருந்தால் படமே திரும்பியிருக்கிறது என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். அதற்காக எல்லாவற்றையும் திருப்பிப் போட்டுவிடவும் கூடாது. காகிதத்தில் அச்சிட்ட படங்கள் நேராகவே இருக்கும்.

சரி, அன்றைய எழுத்துக்கு எங்கே போவது? அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் பழைய செய்தித்தாள்களை இலவசமாகத் தேடிப் படிக்க வைத்திருக்கிறது. 'நியூயார்க் கிளிப்பர்' வார இதழ் இல்லினாய் பல்கலைக்கழகத்தின் சேகரிப்பில் கிடைக்கிறது. இங்கே தவறு தேடும் சொல்லில் வருகிறது. 'பேஸ்பால் யூனிஃபார்ம்' என்று தட்டிவிட்டு ஒன்றும் இல்லை என்று திரும்பி வருவோம். 19ஆம் நூற்றாண்டில் 'பேஸ் பால்' என்று இரண்டு சொல்லாக எழுதினார்கள். சீருடைக்குச் 'சூட்', காலுறைக்கு 'ஹோஸ்', அணிக்கு 'நைன்' என்ற சொற்கள் சரளமாகப் புழங்கின. பிட்ஸ்பர்க் நகரத்தின் பெயருக்குக்கூட 1890களின் தொடக்கத்திலிருந்து 1911 வரை அரசு ஏட்டில் கடைசி 'ஹெச்' எழுத்து கிடையாது. ஏலத்தில் கோடிக்கணக்கில் விலைபோகும், பிட்ஸ்பர்க் ஆட்டக்காரர் ஹோனஸ் வாக்னரின் டி206 அட்டையில் மார்பு எழுத்தைப் பாருங்கள், 'ஹெச்' இருக்காது. இரண்டு எழுத்துக்கூட்டிலும் தேட வேண்டும்.

செய்தி கிடைத்தபின்னும் கொஞ்சம் பொறுமை வேண்டும். மார்ச், ஏப்ரலில் 'புதுச் சீருடை இப்படி இருக்கும்' என்று வருவது அறிவிப்பு. மைதானத்தில் அதை உடுத்தினார்களா என்பது வேறு கேள்வி. சீசன் தொடங்கிய பிறகு வந்த ஆட்டக் குறிப்பு ஒன்றாவது அதை உறுதி செய்கிறதா என்று பார்த்துவிடுவது நல்லது.

விதிக்கும் நடைமுறைக்கும் உள்ள தூரத்துக்கு மறுபடி 1882தான் உதாரணம். காலுறை மட்டும் அணிக்கு ஒன்று. சட்டையும் தொப்பியும் ஆட்டக்காரர் மைதானத்தில் நிற்கும் இடத்துக்கு ஒரு நிறம், அதுவும் பட்டில்! எந்த அணியாக இருந்தாலும் பந்தெறியும் பிட்சருக்கு வெளிர்நீலம், இரண்டாம், மூன்றாம் பேஸுக்கு நடுவே நிற்கும் ஷார்ட்ஸ்டாப்புக்கு அரக்குச் சிவப்பு. கேட்கவே கண் கூசுகிறது. பேஸில் ஓடி வந்து நிற்பவர் எந்த அணிக்காரர் என்று காலைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். கோமாளி உடை என்று ஆட்டக்காரர்களும் பார்வையாளர்களும் கேலி செய்ய, சீசன் முடியும்வரைகூட அது தாங்கவில்லை. இப்போது யோசியுங்கள். '1882 சீருடை' என்று ஒன்றை வரைந்தால் அது எந்த மாதத்துச் சீருடை? ஆண்டு மட்டும் போட்டால் போதாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

பெயரை நம்பி வம்சத்தைக் கோர்ப்பது இன்னொரு குழி. 1870களின் சிகாகோ ஒயிட் ஸ்டாக்கிங்ஸ் இன்றைய ஒயிட் சாக்ஸ் அல்ல, இன்றைய கப்ஸ். அந்த அணி கைவிட்ட பழைய பெயரை 1900இல் சிகாகோவுக்கு வந்த வேறொரு அணி எடுத்துக்கொண்டது. அதுதான் ஒயிட் சாக்ஸ் ஆனது. 1869 அணியின் தலைவர் ஹாரி ரைட் 1871இல் சின்சினாட்டியிலிருந்து பெயரையும் சில ஆட்டக்காரர்களையும் கொண்டுபோய் உருவாக்கிய பாஸ்டன் ரெட் ஸ்டாக்கிங்ஸ் இரண்டு முறை ஊர் மாறி இன்று அட்லாண்டா பிரேவ்ஸ். பாஸ்டன் ரெட் சாக்ஸ் சிவப்புக் காலுறை போட்டது 1908இல்தான். இன்றைய சின்சினாட்டி ரெட்ஸும் 1869 அணியின் நேரடி வாரிசு அல்ல, 1882இல் ஆடத் தொடங்கிய வேறு கிளப். பெயரோடு நிறமும் தொடரும் என்று நினைத்து நிறத்தைப் பின்னோக்கி நீட்டினால் மாட்டிக்கொள்வோம்.

இன்றைய வழக்கத்தைப் பின்னோக்கி நீட்டுவதும் அப்படித்தான். உள்ளூரில் வெள்ளை, வெளியூரில் சாம்பல் என்பது 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நிலைபெற்ற வழக்கம். முதுகில் எண் 1929க்குப் பிறகுதான் பரவியது. அதற்கு முன் கிளீவ்லாந்து 1916இல் கையில் எண் தைத்துப் பார்த்தது, நிலைக்கவில்லை. 1890 என்று தேதியிட்ட படத்தில் முதுகில் எண் இருந்தால் தேதியைத்தான் சந்தேகிக்க வேண்டும். எழுத்தே தேதி சொல்லும் அபூர்வமும் உண்டு: நியூயார்க் ஜயண்ட்ஸ் மார்பில் 'உலகச் சாம்பியன்கள்' என்று இருந்தால் ஆண்டு 1906, முந்தைய ஆண்டு வென்ற பெருமை.

நியூயார்க் யாங்கீஸ் அணியின் மெல்லிய கோடுகள் அதன் பருத்த நட்சத்திர ஆட்டக்காரர் பேப் ரூத்தை ஒல்லியாகக் காட்டப் போட்டவை என்ற கதையைக் கேட்டிருப்பீர்கள். அந்த அணி கோடு போட்டது 1912இல், நடுவில் விட்டுவிட்டு 1915இல் மறுபடி. ரூத் வந்து ஆடியது 1920இல். நல்ல கதை, என்ன செய்வது.

கூப்பர்ஸ்டவுனில் உள்ள பேஸ்பால் அருங்காட்சியகம் இணையத்தில் வைத்திருக்கும் சீருடை வரைபடங்கள் மிக உதவியானவை; ஆனால் அவை 1900இல்தான் தொடங்குகின்றன. தவிர அவை பிற்காலத்தில் ஆராய்ந்து வரைந்தவை. துணியே கைக்குக் கிடைத்தாலும் சாயம் மங்கியிருக்கும், வெள்ளைக் கம்பளி பழுத்திருக்கும்.

சுற்றுப்பயணப் படங்களிடமும் உஷார். சிகாகோ அணியின் தலைவரும் விளையாட்டுப் பொருள் வியாபாரியுமான ஸ்பால்டிங் 1888இல் அந்த அணியையும் பல அணிகளிலிருந்து பொறுக்கிய இன்னொரு அணியையும் கப்பலேற்றி உலகம் சுற்றினார். 1889 ஜனவரியில் கொழும்பிலும் இறங்கி ஆடினார்கள், அப்புறம் எகிப்து. ஸ்ஃபிங்க்ஸ் சிலைமேல் ஏறி உட்கார்ந்திருக்கும் அந்தப் பிரபலமான படத்தில் பல ஊர் ஆட்டக்காரர்கள் ஒரே உடையில் இருப்பதைப் பார்த்து, அதை அவரவர் சொந்த அணியின் சீருடை என்று குறித்துக்கொள்ளாதீர்கள்.

என் சின்சினாட்டி வரைபடத்தைப் பிறகு திருத்தினேன். காலுறை சிவப்பு, மார்பில் பழைய பாணி 'சி' எழுத்தும் சிவப்பு. இடுப்புப் பட்டையின் நிறத்துக்கு எனக்கு இன்னும் அச்செழுத்தில் ஒரு வரி கிடைக்கவில்லை. அது மட்டும் சாம்பலாக நிற்கிறது.