உணவோடு பரிமாறும் ஒயினைச் சுவைத்தறிவது எப்படி?

ஒயினைத் தனியே மதிப்பிடச் சுவைப்பது ஒன்று. உணவோடு பரிமாறுவதற்காகச் சுவைப்பது வேறொன்று. பின்னதில் மலர் மணம், பழ மணம் என்று வருணிப்பதைவிட, புளிப்பு, இனிப்பு, துவர்ப்பு, ஆல்கஹால் ஆகிய நான்கும் எந்த அளவில் இருக்கின்றன என்று கண்டறிவதே முக்கியம், ஏனெனில் உணவு வாய்க்குள் சென்றதும் பெரிதும் மாறித் தெரிபவை இவைதாம்.

வெள்ளை ஒயினை 8 முதல் 12 டிகிரி செல்சியஸிலும் சிவப்பு ஒயினை 15 முதல் 18 டிகிரியிலும் சுவைப்பது நல்லது. அளவுக்கு மீறிக் குளிர்ந்தால் மணம் எழாது. வெதுவெதுப்பானால் ஆல்கஹால் நெடி முந்திக்கொள்ளும். கோப்பையில் மூன்றில் ஒரு பங்கு மட்டும் ஊற்றி, தண்டைப் பிடித்துச் சுழற்றி முகருங்கள். ஈர அட்டையின் நெடி வந்தால் அது பெரும்பாலும் தக்கையிலிருந்து வந்த கெடுதி. அந்தப் புட்டியை ஒதுக்கிவிடுங்கள். நிறத்தை ஆராய்வதில் நெடுநேரம் செலவிடத் தேவையில்லை என்பது என் கருத்து.

பிறகு ஒரு வாய் எடுத்து நாவெங்கும் படரவிடுங்கள். உமிழ்நீர் ஊறினால் புளிப்பு மிகுதி. ஈறுகள் உலர்ந்து இறுகினால் துவர்ப்பு. விழுங்கியபின் தொண்டை சுட்டால் ஆல்கஹால். பழ மணத்தை இனிப்பென்று எண்ணி ஏமாறுவது எளிது என்பதால், ஒருமுறை மூக்கைப் பொத்திக்கொண்டு சுவைத்துப் பாருங்கள்; உண்மையில் எவ்வளவு சர்க்கரை இருக்கிறது என்பது அப்போது புலப்படும்.

அடுத்து, பரிமாறப்போகும் உணவில் ஒரு கவளம் உண்டுவிட்டு மறுபடியும் பருகுங்கள். துவர்ப்பைத் தரும் டானின், உமிழ்நீரிலுள்ள புரதத்தோடு பிணைவதால்தான் வாய் உலர்கிறது. கொழுப்பும் புரதமும் உப்பும் சேர்ந்த இறைச்சியோடு அருந்தும்போது கபர்னே சோவினியோன் போன்ற முரட்டு ஒயினும் மென்மையாகத் தோன்றுவது இதனால்தான். இனிப்பான உணவோ ஒயினைப் புளிப்பாகவும் வறண்டதாகவும் காட்டிவிடும். ஆகவே ஒயின் அந்தப் பண்டத்தைவிடச் சற்றேனும் இனிப்பாக இருக்க வேண்டும். உணவு புளிப்பாக இருந்தால், அதற்கு ஈடான புளிப்பில்லாத ஒயின் சப்பென்று போய்விடும். மிளகாய்க் காரத்தோடு ஆல்கஹால் சேர்ந்தால் எரிச்சல் கூடும் என்பதால், ஜெர்மனியின் மோசல் பள்ளத்தாக்கிலிருந்து வரும், இனிப்பும் குறைந்த ஆல்கஹாலும் கொண்ட ரீஸ்லிங் என்ற வெள்ளை ஒயின் அங்கே பொருந்தும். உப்பு மிகுந்த ரோக்ஃபோர் பாலாடைக்கட்டியோடு இனிப்பான சோத்தேர்ன் ஒயினைச் சேர்ப்பது பிரான்சின் பழைய இணை. உப்பும் இனிப்பும் ஒன்றையொன்று எடுத்துக்காட்டுவதை அறிய அதைவிட நல்ல பாடம் இல்லை.

மீனுக்கு வெள்ளை ஒயின்தான் என்ற விதியை அப்படியே ஏற்க வேண்டியதில்லை. சிவப்பு ஒயினிலுள்ள இரும்புச் சத்தும் டானினும் மிகும்போதுதான் மீன் கவிச்சி தலைதூக்குகிறது. துவர்ப்புக் குறைந்த பினோ நுவார் என்ற சிவப்பு ஒயின் சால்மன் மீனோடு நன்றாகவே சேரும். மேலும், மீனோ இறைச்சியோ எதுவானாலும், அதன் மேல் ஊற்றும் சாறு ஓங்கிய சுவையுடையதாக இருந்தால் அந்தச் சாற்றுக்கேற்பவே ஒயினைத் தேர்ந்தெடுங்கள். பல வகை உணவுகள் ஒரே வேளையில் வருமானால், புளிப்பு நிறைந்த, இனிப்பற்ற நுரை ஒயினே இடரில்லாத் தேர்வு.