வாஃபிள் ஒட்டியது எதனால்?

வாஃபிள் மேக்கரைத் திறந்தால் வாஃபிள் இரண்டாகப் பிளந்து, பாதி மேல் தட்டிலும் பாதி கீழ்த் தட்டிலும் ஒட்டிக்கொள்ளும். நாள்கணக்கில் இதே பாடு. சீனியைக் குறைத்தேன், கலவையைத் தடிப்பாக்கினேன். தட்டில் பட்டர் பூசினால் அதிலுள்ள பால் கூறு கருகி இன்னும் மோசமானது. வெள்ளவத்தையில் வாங்கிய எண்ணெய் ஸ்பிரே முதல் ஓரிரு தடவைதான் கைகொடுத்தது.

தட்டு ஆறிய பிறகு விரலால் தடவிப் பார்த்தபோதுதான் பிடிபட்டது. மேடுகள் வழவழவென்று இருந்தன. குழிகளின் மூலைகளில் மட்டும் பிசுபிசுவென்று மஞ்சள் படலம். இப்படியான ஸ்பிரேக்கள் பலவற்றில் லெசித்தின் என்ற கொழுப்பு வகைப் பொருள் இருக்கும். அது சூட்டில் காய்ந்து படிந்துவிடும். சாதாரணமாகத் துடைத்தால் போகாது, கண்ணுக்கும் லேசில் தெரியாது.

பிளக்கைக் கழற்றிவிட்டு, அப்பச்சோடாவைத் தண்ணீரில் குழைத்துப் பூசி ஊறவிட்டேன். அப்புறம் மென்மையான பழைய டூத்பிரஷ்ஷால் மூலை மூலையாகத் தேய்த்து, ஈரத்துணியால் துடைத்துக் காயவைத்தேன். உருக்கிய பட்டர் இப்போது கலவைக்குள்ளே போகிறது. தட்டுக்குத் தேங்காய் எண்ணெய் மெல்லிய பூச்சு மட்டும். பச்சை விளக்கு எரிந்தாலும் அவசரப்படாமல், ஓரத்தில் வரும் ஆவி அடங்கிய பிறகே திறந்தேன். ஒரு துணுக்குக்கூட ஒட்டாமல் முழுசாகக் கழன்று வந்தது. அப்பாடா!