ஊட்டிக் குளிரில் வீட்டுக் காற்றைப் பார்த்துக்கொள்வது எப்படி?

மலை ஊர் என்பதால் காற்று எப்போதும் சுத்தமாக இருக்கும் என்று நம்பி, டிசம்பர், ஜனவரி அதிகாலைகளில் ஜன்னலை விரியத் திறந்தால் புகைதான் உள்ளே வரும். ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருந்தாலும், ஏரியும் குதிரைப் பந்தய மைதானமும் பேருந்து நிலையமும் பள்ளத்தில் இருக்கின்றன. மேகமில்லாத, காற்றசையாத இரவில் சரிவுகளில் குளிர்ந்த காற்று கனத்து இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். அதன்மேல் வெதுவெதுப்பான காற்று மூடி போட்டதுபோல் நிற்கும். தாழ்வான இடங்களில் உறைபனி அதிகம் விழுவதும் இதனால்தான். விறகுப் புகை, குப்பைப் புகை, டீசல் புகை மூன்றும் அந்த மூடிக்குக் கீழேயே சுற்றும்.

எழும் புகை சற்று ஏறிப் படுக்கைவாட்டில் பரவினால் மூடி இன்னும் விலகவில்லை என்று பொருள். வெயில் ஏறி, புகை தடையின்றி மேலே போனபிறகு, பெரும்பாலும் காலை 10 மணிக்கு மேல், எதிரெதிர் ஜன்னல்களை 15 நிமிடம் திறந்து வையுங்கள். நடைப்பயிற்சிக்கும் அந்த நேரமே நல்லது. அடுப்போ ஹீட்டரோ எரியும் அறைக்கு மட்டும் இந்த நேரக் கணக்கு கிடையாது. அங்கே எப்போதும் காற்று வந்து போக வழி வேண்டும்.

மிகப் பெரிய ஆபத்து வீட்டுக்குள்தான் இருக்கிறது. கரி அடுப்பையோ பார்பிக்யூ தணலையோ படுக்கையறைக்குள் எடுத்து வராதீர்கள். தணல் புகையாவிட்டாலும் கார்பன் மோனாக்சைடு வந்துகொண்டே இருக்கும். அதற்கு மணமோ நிறமோ கிடையாது. ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்தால் போதும் என்பது தவறு. அறையில் இருக்கும் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலைவலி, குமட்டல், கிறுகிறுப்பு வந்தால் சாப்பாட்டைச் சந்தேகிக்காமல் உடனே வெளியேறி 108ஐ அழையுங்கள். கேஸ் கீசரைக் குளியலறைக்கு வெளியே பொருத்துங்கள். படுக்கையறையில் ஒரு கார்பன் மோனாக்சைடு அலாரம் அவசியம். அளவு 70 பிபிஎம் (காற்றின் பத்து லட்சம் பங்கில் 70 பங்கு) இருந்தாலும் பல அலாரங்கள் அடிக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகலாம். அதனால் அடித்ததும் எழுந்து வெளியே போங்கள், அணைத்துவிட்டுத் தூங்காதீர்கள்.

புகைபோக்கி வைத்த கணப்பு இருந்தால், சீகை, கற்பூர மர விறகைப் பிளந்து, மழை படாத இடத்தில் ஆறு மாதமாவது உலர்த்துங்கள். ஈரம் 20 சதவீதத்துக்கு மேல் இருந்தால் புகை பெருகும், புகைபோக்கியில் கரிப்பிசின் படியும். அது தீப்பிடிக்கும், ஆண்டுக்கு ஒருமுறை சுரண்டியே ஆக வேண்டும்.

பிஎம் 2.5 எனப்படும், நுரையீரல் ஆழம்வரை போகும் நுண்துகளை அளக்கும் மீட்டர் வாங்கினால் ஏரிப் பக்கத்து மூடுபனியில் அதை அப்படியே நம்ப வேண்டாம். லேசர் சென்சார் நீர்த்துளியையும் தூசியாக எண்ணும். சுவரை விட்டுத் தள்ளி, மூக்கு உயரத்தில் வையுங்கள். சாம்பிராணிக்கும் கொசுவத்திச் சுருளுக்கும் அருகில் வேண்டாம். இந்தியத் தர அளவு 24 மணி நேரச் சராசரியாக, ஒரு கனமீட்டர் காற்றில் 60 மைக்ரோகிராம். உலக சுகாதார நிறுவனம் சொல்வது 15. ஆஸ்துமாக்காரர் இருக்கும் வீட்டில் இரண்டாவதையே பாருங்கள்.

ஹெப்பா (நுண்துகள் வடிகட்டி) வைத்த காற்றுச் சுத்திகரிப்பான் வாங்கும்போது கணக்குப் போடுங்கள். 12 அடிக்கு 10 அடி, உயரம் 9 அடி என்றால் அறையின் கொள்ளளவு சுமார் 31 கனமீட்டர். மணிக்கு ஐந்து முறை காற்று மாற, சிஏடிஆர், அதாவது கருவி மணிக்குச் சுத்தம் செய்து தரும் காற்றின் அளவு, 155 கனமீட்டராவது வேண்டும். இது தூசியைப் பிடிக்கும், கார்பன் மோனாக்சைடைப் பிடிக்காது.

பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை, உறைபனியில் கருகிய புல் எளிதில் பற்றும். காட்டுத் தீப் புகை வந்தால் ஜன்னலை மூடி, வெளியே போகும்போது என்95 அணியுங்கள். துணி முகக்கவசம் நுண்துகளைத் தடுக்காது. மே சீசனில் சாலைப் பக்கத்து ஜன்னலை விட்டுப் பின்பக்கத்தைத் திறங்கள்.

தென்மேற்குப் பருவமழையில் வெளிக்காற்று கழுவப்பட்டுவிடும். உள்ளே பூஞ்சை பிடிக்கும். அலமாரியைச் சுவரிலிருந்து மூன்று அங்குலம் தள்ளி வையுங்கள், ஈரத்துணியைப் படுக்கையறையில் காயப் போடாதீர்கள், மழை விடும் போதெல்லாம் ஜன்னலைத் திறந்துவிடுங்கள்.