பொறி தட்டட்டும் என்று காத்திருப்பவர்கள் செய்யும் தவறுகள்

"ஒன்றும் தோன்றவில்லை, அதனால் இன்னும் ஆரம்பிக்கவில்லை." கதை எழுதுகிறவர்களும் இதைச் சொல்கிறார்கள், ஆராய்ச்சி மாணவர்களும் சொல்கிறார்கள். திறமையுள்ளவர்கள் வருடக்கணக்கில் இப்படியே உட்கார்ந்திருப்பதைப் பார்க்க எனக்கு மனசு கஷ்டமாக இருக்கிறது.

நாம் கேட்ட கதைகளில் கடைசிக் காட்சி மட்டுமே நினைவில் நிற்பதுதான் இதற்குக் காரணம். கணித மேதை ஆன்றி புவான்கரே குதிரை வண்டியின் படியில் கால் வைத்ததும் விடை பளிச்சென்று தெரிந்தது என்பார்கள். உண்மைதான். ஆனால் அந்த ஆராய்ச்சியின் தொடக்கத்தில் 15 நாள், தினமும் ஒன்றிரண்டு மணி நேரம் மேசையில் உட்கார்ந்து எதையெதையோ போட்டுப் பார்த்து வெறுங்கையோடு எழுந்திருக்கிறார். ராமானுஜன் கதையிலும், நாமகிரித் தாயார் கனவில் வந்து சூத்திரம் சொன்னதைச் சொல்லும் அளவுக்கு, கணக்குப் போட்டுப் போட்டு முழங்கையாலேயே அழித்த சிலேட்டை யாரும் சொல்வதில்லை.

அடுத்த தவறு, தோன்றியதை அரைகுறையாகக் குறித்து வைப்பது. ஆட்டோ லோவி என்ற விஞ்ஞானி நடு இரவில் விழித்து, ஒரு துண்டுக் காகிதத்தில் ஏதோ கிறுக்கிவிட்டுத் தூங்கிவிட்டார். காலையில் தன் கையெழுத்தே அவருக்குப் புரியவில்லை. நல்லவேளை, மறுநாள் இரவு 3 மணிக்கு அதே யோசனை திரும்ப வந்தது. இந்த முறை நேராக ஆய்வகத்துக்கே போய்விட்டார். ஒரு தவளை இதயத்தின் நரம்பைத் தூண்டி, அதன் துடிப்பைக் குறைத்தார். அந்த இதயத்துக்குள் இருந்த திரவத்தை எடுத்து வேறொரு இதயத்தில் விட்டதும், அதுவும் மெதுவாகத் துடித்தது. நரம்பு ஒரு வேதிப்பொருள் வழியாகச் செய்தி அனுப்புகிறது என்று அப்படித்தான் தெரிந்தது. 1936-இல் நோபல் பரிசும் வந்தது.

எல்லோருக்கும் இரண்டாவது இரவு அமையாது. "கதவு, நீலம், அக்கா" என்று எழுதி வைத்தால் ஒரு வாரத்தில் அது வெறும் மூன்று சொல். ஏன் அந்தக் கதவு நீலமாக இருக்க வேண்டும் என்று இரண்டு முழு வாக்கியம் எழுதுங்கள்.

அப்புறம் ஓய்வு. சிக்கலில் முட்டி மோதிய பிறகு நடக்கப் போனால் பலன் உண்டு. மோதுவதற்கு முன்பே போனால் அது வெறும் நடை. கைபேசியைப் பார்த்தபடி நடந்தால் மனம் அதோடுதான் போகும்.

கடைசியாக, தோன்றியது பரவசம் தந்தாலே அது சரி என்று நம்பிவிடுவது. வண்டிப் படியில் முழு நிச்சயத்தோடு இருந்த புவான்கரே, ஊர் திரும்பியதும் உட்கார்ந்து சரிபார்த்தார். அந்த நிச்சயம் சில சமயம் தன்னை ஏமாற்றியிருக்கிறது என்றும், குறிப்பாகப் படுக்கையில் அரைத்தூக்கத்தில் வந்த யோசனைகளில் அப்படி நடந்தது என்றும் அவரே எழுதியிருக்கிறார்.