நாலடிக் குளியலறையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அடுக்குமாடிக் குடியிருப்புகளில் குளியலறை என்று நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் 4 அடி அகலமும் 7, 7½ அடி நீளமும் கொண்ட அறை. குளியலறையும் கழிப்பறையும் சேர்ந்திருந்தால் குறைந்தது 2.8 சதுர மீட்டர், அதாவது சுமார் 30 சதுர அடி வேண்டும் என்கிறது தேசியக் கட்டட விதித்தொகுப்பு. 4-க்கு 7½ என்பது அந்த விளிம்பில்தான் நிற்கிறது. இங்கே ஓர் அங்குலம் பிசகினாலும் தினமும் முழங்காலில் இடிக்கும். ஆகவே சுவரை உடைப்பதற்கு முன்பே எல்லாவற்றையும் முடிவு செய்துவிட வேண்டும்.

பெரிய செலவில் கொண்டுபோய் விடுவது கிளாசெட்டின், அதாவது கழிப்பறைப் பீங்கானின், அளவு. தரையில் வைக்கும் வெஸ்டர்ன் கிளாசெட்டில், பின்சுவரிலிருந்து கழிவுத் துளையின் மையம் வரை 4, 9, 12 அங்குலம் எனத் தனித்தனி அளவுகளில் விற்கிறார்கள். இந்தத் தூரத்தை டைல்ஸ் ஒட்டி முடித்த சுவரிலிருந்து கணக்கிட வேண்டும். அவசரத்தில் வெறும் செங்கல் சுவரிலிருந்து 9 அங்குலம் அளந்து குழாயைப் பதித்துவிடுகிறார்கள். பூச்சும் டைல்ஸும் ஏறியபின் மிஞ்சுவது ஏழரை. வாங்கி வைத்த கிளாசெட் சுவரில் முட்டும். புதுத் தரையை உடைக்க நேரும். முதலில் மாடலைத் தேர்ந்தெடுங்கள், அதன் அளவுத்தாளை பிளம்பர் கையில் கொடுங்கள், பிறகு குழாய் பதிக்கட்டும். கிளாசெட்டின் மையத்திலிருந்து பக்கச் சுவர் வரை 15 அங்குலமும், முன்னால் கால் வைக்க 2 அடியும் விடுங்கள். கழுவிக்கொள்ள உதவும் கைக்குழாயான ஹெல்த் ஃபாசெட்டை முதுகுப் பக்கம் வைக்காமல், உட்கார்ந்தபடி வலக்கைக்கு எட்டும் இடத்தில் வையுங்கள்.

அடுத்தது வாட்டம், அதாவது தண்ணீர் ஓடுவதற்கான தரைச் சரிவு. கதவு குறுகிய பக்கத்தில் இருந்தால் வாஷ்பேசின், கிளாசெட், குளிக்கும் இடம் என்ற வரிசை நன்றாக அமையும். நீர் போகும் ஜாலி கடைசி மூலையில் இருக்க வேண்டும். ஜாலி கதவருகே அமைந்துவிட்டால் குளித்த தண்ணீர் அறை முழுக்க ஓடித்தான் வெளியேறும், தரை எந்நேரமும் ஈரமாகவே கிடக்கும். கதவிலிருந்து ஜாலி வரை ஏறக்குறைய ஓர் அங்குலம் இறக்கம் போதும். ஆனால் 2 அடிக்கு 2 அடி டைல்ஸ் போட்டால் அந்தச் சரிவுக்கு அது வளைந்து கொடுக்காது. இடையிடையே தண்ணீர் தேங்கும். தரைக்கு 1 அடி டைல்ஸ், அதுவும் சொரசொரப்பானது, போதும். வேலை முடிந்ததும் ஒரு பக்கெட் தண்ணீரைக் கதவருகே ஊற்றிப் பாருங்கள். எங்காவது குட்டையாக நின்றால், கொத்தனார் கணக்கை முடிப்பதற்கு முன்பே திருத்தச் சொல்லுங்கள்.

குளிக்கும் இடத்தைக் கண்ணாடித் தடுப்பால் பிரிப்பது இவ்வளவு சிறிய அறைக்கு ஒத்துவரவே வராது என்பது என் உறுதியான கருத்து. நம் வீடுகளில் பக்கெட் வைக்க வேண்டும், குழந்தையைக் குளிப்பாட்ட வேண்டும், முதியவர் ஸ்டூலில் உட்கார்ந்து குளிக்க வேண்டும். கண்ணாடிக்குள் இவை எதற்கும் முழங்கை நீட்ட இடமிருக்காது. போர்வெல் நீராக இருந்தால் உப்புக்கறை வேறு படியும். ஒரு திரைச்சீலை போதும்.

கதவைப் பலரும் கடைசியில்தான் யோசிக்கிறார்கள். உள்நோக்கித் திறக்கும் கதவு இரண்டரை அடியைத் தின்றுவிடும். இடத்தைவிட முக்கியமான காரணம் ஒன்றுண்டு: உள்ளே ஒருவர் வழுக்கி விழுந்தால் அவர் உடலே கதவை அடைத்துக்கொள்ளும். வயதானவர்கள் இருக்கும் வீட்டில் கதவு வெளிநோக்கித் திறக்கட்டும், தாழ்ப்பாள் வெளியிலிருந்தும் திறக்கக் கூடியதாக இருக்கட்டும். வாஷ்பேசினைச் சாப்பாட்டு அறைப் பக்கம் மாற்ற முடிந்தால் இன்னும் நல்லது.

கீசரில் செங்குத்து, கிடைமட்டம் என இரண்டு வகை உண்டு. செங்குத்து வகையை இடமில்லையே என்று படுக்கவைத்து மாட்டக் கூடாது. பரண் கட்டும்போது வென்டிலேட்டரை மறைத்துவிடாதீர்கள். எக்ஸாஸ்ட் ஃபேனுக்கும் கீசருக்கும் மின்குழாயை டைல்ஸ் ஒட்டுவதற்கு முன்பே ஓட்டிவிடுங்கள். ஸ்விட்சுகள் அறைக்கு வெளியே இருக்கட்டும்.