வேர்டிலில் நாலு எழுத்து பச்சையாகியும் மாட்டிக்கொண்டால் என்ன செய்வது?

வேர்டில் ஆடத் தெரியும் என்று வைத்துக்கொண்டே எழுதுகிறேன். ஜோஷ் வார்டில் 2021 அக்டோபரில் எல்லோருக்கும் திறந்துவிட்டு, 2022 ஜனவரி கடைசியில் நியூயார்க் டைம்ஸ் வாங்கிக்கொண்ட, ஐந்தெழுத்து ஆங்கிலச் சொல்லைக் கண்டுபிடிக்கிற அதே ஆட்டம்தான். ஆறு வாய்ப்பு; பச்சை (எழுத்தும் இடமும் சரி), மஞ்சள் (எழுத்து உண்டு, இடம் வேறு), சாம்பல் (எழுத்தே இல்லை). விஷயத்துக்கு வருவோம்.

இரண்டாவது வரியில் 'நைட்' (NIGHT) போடுகிறீர்கள். முதல் கட்டம் சாம்பல், மிச்ச நாலும் பச்சை: ஐ, ஜி, எச், டி. பாதி ஜெயித்த மாதிரி இருக்கும். ஆனால் இதே வால் உள்ள சொற்களை எண்ணிப் பாருங்கள்: லைட், ஃபைட், மைட், ரைட், டைட், எட்டு என்கிற எய்ட், நம் ஆட்கள் அடிக்கிற சைட். 'வைட்' என்ற பழைய சொல்லையும் சேர்த்தால் மொத்தம் எட்டு. கையில் இருப்பதோ நாலே வாய்ப்பு. ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்ப்பவருக்குப் பாதிக்குப் பாதிதான்.

படி 1: முதல் எழுத்துகளைத் தாளில் எழுதுங்கள்

எல், எஃப், எம், ஆர், டி, ஈ, எஸ், டபிள்யூ. மனசிலேயே வைத்துக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள், ஈ கண்டிப்பாக விட்டுப்போகும். எய்ட் ஓசையில் மற்றதோடு சேராது. காதை நம்பினால் கைட், பைட் என்று வேறு எழுத்தில் முடிகிறவைதான் முதலில் வந்து நிற்கும்.

இதற்கென்று வலைத்தளங்கள் ஏகப்பட்டது இருக்கின்றன. ஆட்டத்தின் நடுவில் அவற்றைத் திறப்பது எனக்குப் பிடிக்காது, விடையையே பார்த்துவிடலாமே! பென்சிலும் பழைய பில்லின் பின்பக்கமும் போதும். ஆட்டம் முடிந்தபின் வால் குடும்பங்களைப் படிக்க ஒன்லுக் (OneLook) என்ற சொல் தேடும் தளம் நல்லது. கேள்விக்குறி ஒன்று போட்டு, பின்னால் ஐ-ஜி-எச்-டி அடித்தால் வரிசையாகக் கொட்டும். அதில் பாதி யாரும் பேசாத சொற்கள், கண்டுகொள்ளாமல் விடுங்கள்.

படி 2: ஜெயிக்காத சொல் ஒன்றைப் போடுங்கள்

மூன்றாவது வரியில் விடையைத் தேடக் கூடாது. எட்டில் எத்தனை எழுத்தை ஒரே அடியில் சோதிக்கலாம் என்று மட்டும் பாருங்கள். 'ஃபிலிம்ஸ்' போடுங்கள்: எஃப், ஐ, எல், எம், எஸ். ஐ எப்படியும் பச்சைதான், அது ஒப்புக்கு. மற்ற நாலும் சோதனைக்கு. எஃப் பச்சையானால் ஃபைட். எல், எம், எஸ் இவற்றில் எது மஞ்சளாகிறதோ அதுதான் முதல் எழுத்து. அடுத்த வரியில் முடித்துவிடலாம்.

(எஸ் சேர்த்த பன்மைச் சொல் விடையாக வருவது அரிது. ஆனால் நாம் போட்டால் ஏற்றுக்கொள்ளும். இந்த மாதிரி சோதனைக்கு அதுதான் வசதி.)

படி 3: நாலும் சாம்பலானால் 'டவர்'

மிச்சம் டி, ஈ, ஆர், டபிள்யூ. டவரில் நாலும் இருக்கின்றன. என்னை நெடுநாள் சுற்றவிட்ட இடம் இதுதான், கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். டவரைப் போட்டால் டி எப்போதும் நிறம் காட்டும், ஏனென்றால் விடையின் கடைசியில் ஏற்கெனவே ஒரு டி இருக்கிறது. அது மஞ்சளாக வந்தால் புதுச் செய்தி ஒன்றும் இல்லை. 'ஆகா, டைட்' என்று பாயாதீர்கள். விடை டைட் என்றால் முதல் கட்டத்து டி பச்சையாகவே வரும். டி மஞ்சள், கூடவே ஆர் மஞ்சள் என்றால் ரைட். ஈ மஞ்சள் என்றால் எய்ட், டபிள்யூ மஞ்சள் என்றால் வைட்.

ஆக, வாலில் ஏற்கெனவே உள்ள எழுத்தைச் சோதிக்க வேண்டுமென்றால் அதை முதல் கட்டத்திலேயே வைக்க வேண்டும். வேறு கட்டத்தில் வைத்தால் அந்த இடம் வீண்.

எந்தச் சொல் விடையாக இருந்தாலும் ஐந்தாவது வரிக்குள் ஆட்டம் முடிந்துவிடும்.

இதே வேலையை ஏ-டி-சி-எச் வாலிலும் செய்யலாம்: பேட்ச், கேட்ச், ஹேட்ச், லேட்ச், மேட்ச், பீ-யில் (P) தொடங்கும் இன்னொரு பேட்ச், வாட்ச். முதலில் 'கிளாம்ப்' (CLAMP). சி முதல் கட்டத்தில் இருப்பதால், பச்சையானால் மட்டும் கேட்ச். எல், எம், பீ அதிலேயே தெரிந்துவிடும். எதுவும் சிக்காவிட்டால் 'பிரவுன்': பி பச்சை என்றால் முதலில் சொன்ன பேட்ச், டபிள்யூ மஞ்சள் என்றால் வாட்ச், இரண்டும் இல்லாவிட்டால் ஹேட்ச்.

சவுண்ட், ரவுண்ட் குடும்பத்துக்கு 'ஃபார்ம்ஸ்', அதற்குப் பிறகு நாய்க்குட்டியைக் குறிக்கிற 'வெல்ப்' (WHELP). பி, எஃப், எச், எம், பீ, ஆர், எஸ், டபிள்யூ என்று எட்டும் பிரிந்துவிடும். தாளில் போட்டுப் பாருங்கள்.

பிற்சேர்க்கை: 'வைட்' என்றால் வெள்ளையா என்று இரண்டு மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். இல்லை. இங்கிலாந்தின் தெற்கே இருக்கிற வைட் தீவின் பெயரில் வருகிற அதே எழுத்துகள். பழைய ஆங்கிலத்தில் ஆள், உயிர் என்று பொருள்.

இன்னொன்று: ஒரே எழுத்து இரண்டு முறை வராது என்று நினைத்துப் பட்டியலைச் சுருக்காதீர்கள். 2022 செப்டம்பர் 16-ஆம் தேதி விடை 'பேரர்' (PARER), தோல் சீவுகிற கத்தி. பேப்பர், பேயர், பேசர் என்று வரிசையாகப் போட்டுத் தொடர் வெற்றியைப் பறிகொடுத்துப் பலர் புலம்பிய நாள் அது.

ஹார்டு மோடில் ஆடுபவர்களுக்கு: மேலே சொன்ன எதுவும் செல்லாது. பச்சையான எழுத்தை அதே இடத்தில் வைத்தே தீர வேண்டும், ஃபிலிம்ஸை ஏற்காது. நாலும் பச்சையாவதற்கு முன்பே வேலையைத் தொடங்குங்கள். இரண்டாம் கட்டத்து ஐயும் கடைசி டியும் மட்டும் தெரிந்திருக்கும்போது நைட், லைட் பக்கம் போகாமல் 'ஃபர்ஸ்ட்' போடுங்கள். விதியும் மீறாது, எஃப், ஆர், எஸ் மூன்றும் ஒரே வரியில் தெரிந்துவிடும். அப்புறமும் இழுத்தடித்தால், அமைப்பில் போய் அந்த மோடையே அணைத்துவிடலாம். திரும்பப் போடுவது மட்டும் புது ஆட்டத்தின் தொடக்கத்தில்தான் முடியும்.